யூஎஸ்பி அடாப்டர் வாங்கினேன், மானிட்டர் கறுப்பாகவே இருக்கிறது!

இந்த முறை வந்த கேள்விகளில் நிறைய ஒரே சாமானைப் பற்றியவை. லேப்டாப்பின் யூஎஸ்பி துளையில் செருகி, மறுமுனையில் எச்டிஎம்ஐ கேபிளை மாட்டி, கூடுதல் மானிட்டருக்குப் படம் கொண்டுபோகும் சின்ன அடாப்டர். விண்டோஸில் ஓடுகிறது, உபுண்டு போன்ற லினக்ஸில் ஓடவில்லை என்பதுதான் எல்லோருடைய குறையும். அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே. கட்டளைகளைத் தமிழில் உச்சரிப்புப்படி தருகிறேன், டெர்மினலில் (கட்டளை அடிக்கும் ஜன்னலில்) ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பின்னலாடை ஏற்றுமதி ஆபீசில் மெர்ச்சண்டைசர் வேலை பார்க்கிறேன். லேப்டாப்பில் உபுண்டு 24.04. ஒரே ஒரு எச்டிஎம்ஐ துளை, அதில் ஏற்கெனவே ஒரு மானிட்டர் இருக்கிறது. பையர் அனுப்பும் அளவுப் பட்டியல் ஒரு திரையில், என் கணக்கு இன்னொன்றில், மெயில் மூன்றாவதில் என்று இருந்தால்தான் கை ஓடும். அதற்காக யூஎஸ்பி அடாப்டர் வாங்கினேன். தம்பியின் விண்டோஸ் லேப்டாப்பில் செருகியதும் படம் வந்தது. என்னுடையதில் விளக்கு மட்டும் எரிகிறது, மானிட்டர் 'நோ சிக்னல்' என்கிறது. டிரைவரை இறக்கி நிறுவியும் பார்த்துவிட்டேன், நிறுவும்போது பிழை எதுவும் வரவில்லை. செருகிய யூஎஸ்பி சாமான்களைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி அடித்தால் 17ஈ9 என்று ஆரம்பிக்கும் எண் வருகிறது. 'சுடோ மாட்புரோப் ஈவிடிஐ' அடித்தால் 'கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்' என்கிறது. என்ன செய்வது சார்?
— வாசகி, திருப்பூர்

பதில்: அந்த எண்ணையும் பிழைச் செய்தியையும் சேர்த்து எழுதினீர்களே, பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது. உங்கள் அடாப்டர் கெடவில்லை. டிரைவரும், அதாவது அதை இயக்கும் மென்பொருளும், ஒழுங்காகத்தான் இறங்கியிருக்கிறது. வாசலில் நிற்கும் காவலாளி அதை உள்ளே விடவில்லை, அவ்வளவுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இது பிடிபட்டால் கீழே வரும் மற்ற பதில்களும் சுலபமாகப் பிடிபடும்.

எச்டிஎம்ஐ துளைக்குப் பின்னால் கிராபிக்ஸ் சிப் நேராக இணைந்திருக்கிறது, வரைந்த படம் அப்படியே கம்பியில் போய்விடும். சாதாரண யூஎஸ்பி துளைக்குப் பின்னால் அப்படி எதுவும் கிடையாது. மவுஸுக்கும் பென்டிரைவுக்கும் தகவல் போய்வரும் பாதை அது. ஆகவே படத்தை லேப்டாப் தன் நினைவகத்திலேயே வரைந்து, எந்த இடம் மாறியிருக்கிறது என்று பார்த்து, அதைச் சுருக்கி, யூஎஸ்பி வழியே தள்ளிவிட வேண்டும், அடாப்டருக்குள் இருக்கும் சிப் அதைப் பிரித்து மானிட்டருக்குத் தரும். ஏன் சுருக்க வேண்டும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். 1920-க்கு 1080 திரையில் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள். புள்ளிக்கு 3 பைட் வீதம் ஒரு படத்துக்கு 62 லட்சம் பைட் ஆகிறது. விநாடிக்கு 60 படம் என்றால் ஏறக்குறைய 3 ஜிகாபிட். யூஎஸ்பி 2.0-வின் உச்ச வேகமே 480 மெகாபிட்தான், 3.0-வுக்கு 5 ஜிகாபிட். சுருக்காமல் 2.0 பாதையில் அனுப்பினால் விநாடிக்குப் பத்துப் படம்கூடத் தேறாது.

இந்தச் சுருக்குகிற, அனுப்புகிற வேலையை யார் செய்வது என்பதில்தான் லினக்ஸில் எல்லாச் சிக்கலும் வருகிறது. 17ஈ9 என்பது டிஸ்பிளேலிங்க் நிறுவனத்தின் அடையாள எண். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் 2003-ல் வேறு பெயரில் தொடங்கிய கம்பெனி அது, 2020-ல் சினாப்டிக்ஸ் அதை வாங்கிவிட்டது. உங்கள் அடாப்டர் மேல் எந்தப் பெயர் அச்சடித்திருந்தாலும் சரி, உள்ளே இருப்பது அவர்கள் சிப். விண்டோஸ் இந்த எண்ணைப் பார்த்தவுடன் உரிய டிரைவரைத் தானே இறக்கிக்கொள்ளும், தம்பி லேப்டாப்பில் நடந்தது அதுதான்.

லினக்ஸில் இந்த டிரைவர் இரண்டு பாகமாக இருக்கிறது. ஒன்று ஈவிடிஐ என்னும் கர்னல் மாட்யூல், அதாவது லினக்ஸின் மையமான கர்னலோடு சேர்ந்து ஓடும் துண்டு. இல்லாத ஒரு மானிட்டரை இருப்பதாகக் காட்டி, உபுண்டுவை அதில் படம் வரைய வைப்பது இதன் வேலை. இதன் மூல நிரல் திறந்த நிலையில் கிடைக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். இன்னொன்று டிஸ்பிளேலிங்க் மேனேஜர் என்னும் புரோகிராம். வரைந்த படத்தை எடுத்துச் சுருக்கி அடாப்டருக்கு அனுப்புவது இது, ஆனால் மூடிய நிரல், கம்பெனி தருகிற பைனரியை வாங்கி அப்படியே ஓட்ட வேண்டியதுதான். இரண்டும் ஓடினால்தான் திரையில் வெளிச்சம் வரும். உங்களுக்கு முதல் பாகம் நிற்கிறது, அதனால் இரண்டாவது இருந்தும் பயனில்லை.

ஏன் நிற்கிறது? ஈவிடிஐ உபுண்டு கர்னலுடன் சேர்ந்து வருவதில்லை, டிகேஎம்எஸ் என்ற ஏற்பாடு அதை உங்கள் லேப்டாப்பிலேயே தொகுத்து எடுக்கிறது. லேப்டாப்பில் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு ஏற்பாடு ஆன் ஆகியிருந்தால், கையெழுத்து இல்லாத மாட்யூலைக் கர்னல் ஏற்காது. உபுண்டு ஒரு சாவியை உருவாக்கிக் கையெழுத்தும் போட்டுவிடுகிறது, ஆனால் அந்தச் சாவி உங்களுடையதுதான் என்று லேப்டாப்பின் ஃபர்ம்வேருக்கு (ஆன் செய்ததும் முதலில் ஓடும் மென்பொருளுக்கு) நீங்கள் ஒருமுறை நேரில் சொல்லியாக வேண்டும். டிரைவரை நிறுவியபோது ஒரு பாஸ்வேர்ட் கேட்டிருக்குமே, ஞாபகம் இருக்கிறதா? அதற்குப் பிறகு ரீஸ்டார்ட் செய்தபோது உபுண்டு வருவதற்கு முன்னால் ஒரு நீலத் திரை வந்திருக்கும், ஏதாவது ஒரு விசையை அழுத்து என்று 10 விநாடி எண்ணியிருக்கும். அந்த நேரம் பார்த்து நாம் டீ எடுக்கப் போயிருப்போம், அல்லது ஏதோ கோளாறு என்று பயந்து பேசாமல் விட்டிருப்போம். 10 விநாடி கழிந்ததும் அது வழக்கம்போல உபுண்டுவுக்குள் போய்விடும், சாவி பதிவாகியிருக்காது, ஒரு எச்சரிக்கையும் வராது. என்னிடம் இதே பிழையைக் காட்டிய பலரிடம் நான் விசாரித்ததில் கடைசியில் இந்த நீலத் திரையில்தான் வந்து நின்றிருக்கிறது.

சரி, இப்போது செய்ய வேண்டியது. டெர்மினலில் 'எம்ஓகேயுடில்', இடைவெளி, இரண்டு சிறுகோடு, 'எஸ்பி', ஒரு கோடு, 'ஸ்டேட்' என்று அடித்து, செக்யூர் பூட் எனேபிள்ட் என்று வருகிறதா பாருங்கள். வந்தால், 'சுடோ எம்ஓகேயுடில்', இரண்டு சிறுகோடு சேர்த்து 'இம்போர்ட்', அதன் பின் சாவிக் கோப்பின் பாதை: வார், லிப், ஷிம்-சைன்ட், மோக் என்று ஒன்றுக்குள் ஒன்றாகப் போகும் ஃபோல்டர்களில் கடைசியில் மோக் புள்ளி டிஇஆர் என்றிருக்கும் கோப்பு, அதன் பெயரில் மோக் மட்டும் பெரிய எழுத்து. பாஸ்வேர்ட் கேட்கும், இரண்டு தடவை. எண்கள் மட்டும் உள்ளதாக எட்டு இலக்கத்தில் ஒன்று கொடுங்கள், ஏனென்றால் அந்த நீலத் திரை அமெரிக்க விசைப்பலகை அமைப்பில் ஓடும், வேறு அமைப்பு வைத்திருப்பவர்கள் சிறப்புக் குறி போட்டு மாட்டிக்கொள்வது உண்டு. அப்புறம் ரீஸ்டார்ட். இந்தமுறை எழுந்து போகாதீர்கள். நீலத் திரை வந்ததும் ஒரு விசையைத் தட்டி, 'என்ரோல் மோக்' (சாவியைப் பதிவு செய்), 'கன்டினியூ', 'யெஸ்' என்று வரிசையாகப் போய், அந்த எட்டு இலக்கத்தைக் கொடுத்து, 'ரீபூட்'.

உபுண்டு வந்தவுடன் மறுபடி, மாட்யூலை ஏற்றும் 'சுடோ மாட்புரோப் ஈவிடிஐ'. எந்தச் செய்தியும் வராமல் அடுத்த வரிக்குப் போனால் காரியம் ஆயிற்று. அடாப்டரைக் கழற்றி மாட்டுங்கள். அப்போதும் படம் வராவிட்டால் டிஸ்பிளேலிங்க்-டிரைவர் என்னும் சர்வீஸ் ஓடுகிறதா என்று 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்' போட்டுப் பாருங்கள். செட்டிங்ஸில் டிஸ்பிளே பகுதியில் மூன்றாவது மானிட்டர் தெரியும், இழுத்து வேண்டிய பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

செக்யூர் பூட்டையே அணைத்துவிட்டால் போதாதா என்று சிலர் சொல்வார்கள். வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் அது ஆபீஸ் லேப்டாப், இன்னொரு பக்கம் விண்டோஸ் இருந்து அதில் பிட்லாக்கர் என்ற வட்டுப் பூட்டைப் போட்டிருந்தால், செக்யூர் பூட்டை அணைத்தவுடன் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நிற்கக்கூடும். சாவி யாரிடம் இருக்கிறது என்று தேடி அலைய வேண்டாம். பத்து நிமிட வேலை, முறைப்படியே செய்துவிடுங்கள்.

கேள்வி: எனக்கு டிஸ்பிளேலிங்க் ஆறு மாதமாக நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. போன வாரம் அப்டேட் போட்டேன், மறுநாள் இரண்டாவது மானிட்டர் இல்லை. டிரைவரை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டாலும் நடுவில் நிறைய சிவப்பு வரிகள் வந்து நின்றுவிடுகிறது. உபுண்டு 24.04, கர்னல் மட்டும் புதியது.
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: புதிய கர்னலுக்கு உங்கள் ஈவிடிஐ பழையதாகிவிட்டது. லினக்ஸ் கர்னலின் உள் அமைப்பு ஒவ்வொரு பதிப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாக மாறும், கர்னலுடன் சேர்ந்தே வரும் டிரைவர்களை அதை மாற்றுகிறவர்களே கூடவே திருத்திவிடுவார்கள். வெளியே இருக்கும் ஈவிடிஐக்கு அந்த வசதி இல்லை, அதைப் பராமரிப்பவர்கள் பின்னாலேயே ஓடி வந்து திருத்த வேண்டும். நடுவில் விழும் அந்தச் சில வார இடைவெளியில் நீங்கள் அகப்பட்டுக்கொண்டீர்கள்.

இன்றைக்கே வேலை நடக்க வேண்டுமானால், லேப்டாப் ஆன் ஆகும்போது, எதில் தொடங்குவது என்று கேட்கும் கிரப் பட்டியலைக் கொண்டுவந்து (எஸ்கேப் விசை, பழைய லேப்டாப் என்றால் ஷிஃப்ட்) 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே போய், அதற்கு முந்தைய கர்னலைத் தேர்ந்தெடுங்கள். உபுண்டு பழைய கர்னலை உடனே அழித்துவிடாது, அதற்குத் தொகுத்த ஈவிடிஐயும் அப்படியே இருக்கும். மானிட்டர் திரும்ப வந்துவிடும். பிறகு நிதானமாகச் சினாப்டிக்ஸ் தளத்தில் புதிய டிரைவர் வந்திருக்கிறதா பாருங்கள். அவர்கள் உபுண்டுவுக்கென்று ஏபிடி களஞ்சியமே (உபுண்டு மென்பொருளை இறக்கிக்கொள்ளும் இடம்) வைத்திருக்கிறார்கள், அதன் சாவிப் பொதியை ஒருமுறை நிறுவிக்கொண்டால் 'டிஸ்பிளேலிங்க்-டிரைவர்' மற்ற மென்பொருள்களைப் போலவே அப்டேட்டில் வந்துவிடும். கோப்பை இறக்கிக் கையால் நிறுவியவர்கள்தான் அதிகம் அவதிப்படுகிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 24.04 வெளிவந்தபோது அதன் கர்னல் 6.8. பிறகு 24.04.2-ல் 6.11, 24.04.3-ல் 6.14 என்று எச்டபிள்யூஇ என்ற பெயரில் புதிய கர்னல்கள் வந்தன. மிகப் புதிய வன்பொருள் வைத்திருப்பவர்களுக்கு அவை தேவை. உங்கள் லேப்டாப் இரண்டு மூன்று வருடப் பழசு என்றால் தேவையே இல்லை, 'லினக்ஸ்-ஜெனரிக்' பொதியை நிறுவி 6.8-லேயே இருங்கள், பாதுகாப்புத் திருத்தங்கள் அதற்கும் வந்துகொண்டுதான் இருக்கும். இந்த அடாப்டரை நம்பித் தினமும் உட்காருகிறவர்களுக்கு என் ஆலோசனை இதுதான்: கர்னலில் புதுமை பார்க்காதீர்கள், மறுநாள் முக்கியமான வேலை இருக்கும் இரவில் அப்டேட் போடாதீர்கள்.

கேள்வி: ஆன்லைனில் 'யூஎஸ்பி எச்டிஎம்ஐ' என்று தேடி, இருந்ததிலேயே மலிவாக ஒன்று வாங்கினேன். எல்எஸ்யூஎஸ்பியில் 534டி:2109 மேக்ரோசிலிகான் என்று வருகிறது. டிரைவர் தேடித் தேடிக் களைத்துவிட்டேன். விநோதம் என்னவென்றால் டெவ் ஃபோல்டரில் புதிதாக ஒரு வீடியோ சாதனம் முளைக்கிறது.
— கல்லூரி மாணவர், மதுரை

பதில்: தம்பி, தேடுவதை நிறுத்துங்கள். நீங்கள் வாங்கியது படத்தை வெளியே அனுப்பும் சாமான் இல்லை, உள்ளே வாங்கும் சாமான். 2109 ஒரு கேப்சர் சிப். கேமராவோ இன்னொரு கம்ப்யூட்டரோ தருகிற எச்டிஎம்ஐ படத்தை வாங்கி, வெப்கேம் போல உங்கள் லேப்டாப்புக்குக் கொடுக்கும். வீடியோ சாதனம் முளைத்தது அதனால்தான், அது தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. இரண்டும் ஒரே அளவு, ஒரே மாதிரி பெண் எச்டிஎம்ஐ துளை, விற்கிற பக்கத்திலும் ஒன்றின் அருகில் இன்னொன்று கிடக்கும், யாரும் ஏமாறலாம். திருப்பி அனுப்பும் தேதி தாண்டாவிட்டால் உடனே அனுப்புங்கள். தாண்டிவிட்டால் தூக்கிப் போடாதீர்கள், ஓபிஎஸ் என்ற வீடியோப் பதிவு மென்பொருளை நிறுவி, ஒரு நல்ல கேமராவை வெப்கேமாக மாற்ற இது உதவும். மானிட்டர் இல்லாத பழைய சிபியூவை லேப்டாப் திரையிலேயே பார்க்கவும் உதவும்.

இதைச் சொல்லும்போது என் கதை ஒன்றும் நினைவுக்கு வருகிறது. சில வருடங்களுக்கு முன் நானும் ஒரு அடாப்டர் வாங்கினேன், அட்டைப்பெட்டியில் நான்கு சின்னப் படங்கள், அதில் பென்குயினும் ஒன்று. பென்குயினைப் பார்த்ததும் வேறெதையும் விசாரிக்காமல் காசைக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து செருகினால் எல்எஸ்யூஎஸ்பியில் அதுவரை நான் பார்த்தே இராத ஒரு எண். பெட்டிக்குள் ஒரு சின்ன சிடி, அதில் லினக்ஸ் என்ற ஃபோல்டர், உள்ளே பல வருடம் முன்பு யாரோ ஏதோ ஒரு கர்னலுக்குத் தொகுத்துவைத்த ஒரே ஒரு மாட்யூல் கோப்பு. மூல நிரல் இல்லை. இன்றைய கர்னலில் அது ஏறவே ஏறாது. அந்தப் பென்குயின் படத்தை அச்சிட்டவர் மேல் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு, அதை நம்பி மாதச் சம்பளத்தில் ஒரு பங்கைக் கொடுத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அன்றிலிருந்து பெட்டியைப் பார்ப்பதே இல்லை, உள்ளே என்ன சிப், அதன் எண் என்ன என்று மட்டும்தான் கேட்பேன். கடைக்காரருக்குத் தெரியாது என்றால், கடையிலேயே லேப்டாப்பில் ஒரு நிமிடம் செருகி எல்எஸ்யூஎஸ்பி பார்த்துவிட்டுத்தான் காசு.

என்னென்ன எண்கள் வரலாம்? 17ஈ9 என்றால் டிஸ்பிளேலிங்க், மேலே சொன்னபடி ஓட்டிவிடலாம். 090சி என்பது சிலிகான் மோஷனின் எண். அவர்களுடைய பென்டிரைவ் சிப்களுக்கும் அதே எண்தான், ஆகவே டிஸ்பிளே சிப்பா என்று பெயரையும் சேர்த்துப் பாருங்கள். அதற்கும் லினக்ஸ் டிரைவர் தருகிறார்கள், அதுவும் ஈவிடிஐ மேல்தான் ஓடுகிறது. 1டி5சி:2000 என்று வந்தால் ஃப்ரெஸ்கோ லாஜிக்கின் எஃப்எல்2000, யூஎஸ்பி 3.0-விலிருந்து விஜிஏ என்ற பழைய மானிட்டர் இணைப்புக்குப் போகும் மலிவான அடாப்டர்களில் இருப்பது. அதில் சுருக்கும் வேலையே கிடையாது, புள்ளிகளை அப்படியே கொட்டும். கம்பெனியே டிரைவர் நிரலை வெளியிட்டது என்றாலும் இன்றைய கர்னலில் அதை ஓட்டுவது பெரும்பாடு, நிரல் திருத்தத் தெரிந்தவர்கள் மட்டும் தொடுங்கள். ஆனால் இந்தச் சிப்புக்கு வேறொரு வாழ்வு கிடைத்தது. புள்ளிகளை அப்படியே கொட்டுகிறதே, அந்த விஜிஏ கம்பியிலிருந்து ரேடியோ அலையையே உண்டாக்கலாமே என்று ஆஸ்மோகாம் என்ற திறந்த நிரல் குழுவினர் 2018-ல் ஒரு மென்பொருள் எழுதினார்கள், மானிட்டருக்கு வாங்கிய அடாப்டரில் எஃப்எம் ஒலிபரப்பிக் காட்டினார்கள். உரிமம் இல்லாமல் வீட்டில் முயல வேண்டாம், ஆனால் எனக்குப் பிடித்த கதை இது.

கேள்வி: என் லேப்டாப்பில் டைப்-சி துளை இருக்கிறது. எனக்கும் இந்த டிஸ்பிளேலிங்க்தான் வாங்க வேண்டுமா?
— வாசகர், சிங்கப்பூர்

பதில்: பெரும்பாலும் வேண்டாம், முதலில் உங்கள் துளையைச் சோதித்துவிடுங்கள். பல டைப்-சி துளைகளில் டிஸ்பிளேபோர்ட் ஆல்ட் மோட் என்ற வசதி உண்டு. கிராபிக்ஸ் சிப் தரும் படமே அதே துளையின் வேறு கம்பிகளில் நேராக வெளியே வரும். டிரைவர் இல்லை, ஈவிடிஐ இல்லை, சாவி இல்லை, சுருக்கும் வேலையும் இல்லை. டைப்-சியிலிருந்து எச்டிஎம்ஐக்குப் போகும் சாதாரண அடாப்டர் போதும், செருகியதும் படம் வரும், விலையும் குறைவு.

துளைக்குப் பக்கத்தில் பி எழுத்துக்குள் டி எழுத்து நுழைந்த மாதிரி டிஸ்பிளேபோர்ட் குறியோ, தண்டர்போல்ட்டின் மின்னல் குறியோ இருந்தால் வசதி உண்டு. பாட்டரிப் படத்துக்குள் மின்னல் இருந்தால் அது சார்ஜ் செய்வதற்கான குறி, குழப்பிக்கொள்ளாதீர்கள். குறியே இல்லை என்றால் லேப்டாப்பின் மாடல் எண்ணைப் போட்டுத் தயாரிப்பாளரின் விவரப் பக்கத்தில் பாருங்கள். ஏற்கெனவே ஒரு டைப்-சி அடாப்டர் கையில் இருந்தால், செருகிவிட்டு சிஸ், கிளாஸ், டைப்சி என்ற ஃபோல்டருக்குள் எஸ்விஐடி என்ற கோப்பைத் தேடுங்கள், எஃப்எஃப்01 என்று எழுதியிருந்தால் அது டிஸ்பிளேபோர்ட். சில லேப்டாப்களில் அந்த ஃபோல்டர் காலியாகவே இருக்கும், அதை வைத்து மட்டும் இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம்.

திருப்பூர் வாசகிக்கும் இதைச் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் லேப்டாப்பிலும் டைப்-சி இருந்தால் பாருங்கள், அடாப்டரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

கேள்வி: மூடிவிட்ட ஒரு ஆபீசின் பழைய சாமான்களில் டிஸ்பிளேலிங்க் டிவிஐ அடாப்டர் ஒன்று கிடைத்தது. யூஎஸ்பி 2.0. டெபியன் லினக்ஸ் போட்ட பழைய கம்ப்யூட்டரில் ஓடுமா?
— வாசகர், சேலம்

பதில்: ஓடும், அதுவும் புதியதைவிடச் சுலபமாக. கர்னலுக்குள்ளேயே யூடிஎல் என்ற டிரைவர் இருக்கிறது, 2012-ல் 3.4 பதிப்பில் டேவ் ஏர்லி சேர்த்தது. எதையும் இறக்க வேண்டாம், செருகினால் தானே ஏறிக்கொள்ளும். இந்தப் பழைய சிப்களின் மொழியை ஃப்ளோரியன் எக்ட்லர் போன்றவர்கள் 2009-ல் யூஎஸ்பி கம்பியில் போவதை ஒட்டுக்கேட்டே புரிந்துகொண்டார்கள், அதே வருடம் கம்பெனியும் திறந்த நிரலாக ஒரு நூலகத்தை வெளியிட்டது. அந்த வழி திறந்துவிட்டதால்தான் இன்று உங்கள் சாமான் குப்பைக்குப் போகாமல் இருக்கிறது. யூஎஸ்பி 3.0 சிப்கள் வந்தபோது உள்ளே போகும் தகவலுக்கும் பூட்டுப் போட்டார்கள், மேலே சொன்ன மூடிய புரோகிராம் இல்லாமல் அவற்றோடு பேச முடியாது என்றாகிவிட்டது. எனக்கு இதில் மனம் ஆறுவதே இல்லை. 3.0 சிப்புக்கு உபுண்டு டிரைவர் வரவே 2015 ஆயிற்று.

எக்ஸ்ஆர்க்கில் (திரையில் படம் காட்டும் பழைய ஏற்பாடு) செருகியும் படம் வராவிட்டால், எக்ஸ்ரேண்ட்ஆர் கட்டளையுடன் இரண்டு சிறுகோடு சேர்த்து 'லிஸ்ட்புரொவைடர்ஸ்' போட்டுப் பாருங்கள், இரண்டு பெயர் வரும். பிறகு அதேபோல 'செட்புரொவைடர்அவுட்புட்சோர்ஸ் 1 0' கொடுத்தால் திரை கிடைத்துவிடும். எழுத்து வேலை, மெயில், கணக்குப் பட்டியல் எல்லாம் தாராளமாக நடக்கும். வீடியோ மட்டும் அதில் பார்க்க முயலாதீர்கள், 2.0 பாதை தாங்காது.

கேள்வி: படம் வருகிறது. ஆனால் வீடியோ ஓட்டினால் ஃபேன் அலறுகிறது, சில சமயம் மவுஸ் அம்பு மினுக்குகிறது. சில ஓடிடி படங்கள் அந்தத் திரையில் கறுப்பாக வருகின்றன.
— வாசகி, கோவை

பதில்: சுருக்குகிற வேலை முழுக்க உங்கள் பிராசசர் தலையில்தான் விழுகிறது, திரையில் மாற்றம் அதிகமாக ஆக அதற்கு வேலையும் அதிகம். வீடியோவை லேப்டாப்பின் சொந்தத் திரைக்கு மாற்றிவிட்டு, அசையாமல் கிடக்கும் சமாசாரங்களை அடாப்டர் திரையில் வையுங்கள். 4கே மானிட்டர் என்றால் 1080-க்கு இறக்கிப் பாருங்கள். அப்புறம் 'எல்எஸ்யூஎஸ்பி', இடைவெளி, சிறுகோடு, 'டி' அடித்து, அடாப்டர் வரியின் கடைசியில் 5000எம் இருக்கிறதா 480எம் இருக்கிறதா பாருங்கள். 480 என்றால் பழைய துளையிலோ மட்டமான ஹப்பிலோ மாட்டியிருக்கிறீர்கள், லேப்டாப்பின் நீலத் துளைக்கு மாற்றினால் பாதிக் குறை தீரும். மவுஸ் மினுக்குவது எக்ஸ்ஆர்க்குக்கும் அதன் புதிய மாற்றான வேலாண்டுக்கும் வேறுபடுகிறது, லாகின் திரையில் மற்றதைத் தேர்ந்தெடுத்து ஒருநாள் ஓட்டிப் பாருங்கள். ஓடிடி கறுப்பாக வருவதற்கு நகல் தடுப்புதான் காரணம், லினக்ஸ் டிரைவரில் அதற்கு வேண்டிய எச்டிசிபி என்ற முறை கிடையாது. அதற்கு நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை, லேப்டாப் திரையில் பாருங்கள்.

கேள்வி: மூடிய புரோகிராம் எதுவும் இல்லாமல் யூஎஸ்பியில் மானிட்டர் ஓட்ட வழியே இல்லையா?
— வாசகர், பாண்டிச்சேரி

பதில்: இருக்கிறது, கொஞ்சம் கைவேலை தெரிந்தவர்களுக்கு. நோரால்ஃப் டிரென்னஸ் எழுதிய ஜியூடி என்னும் டிரைவர் 2021-ல் 5.13 பதிப்பிலிருந்து கர்னலிலேயே வருகிறது. எந்தக் கம்பெனிக்கும் கட்டுப்படாத, எல்லோரும் படித்துப் பார்க்கக்கூடிய ஒரு முறை. ராஸ்பெரி பை ஜீரோ என்னும் குட்டிக் கம்ப்யூட்டர் ஒன்றை எடுத்து, அவர் தந்திருக்கும் இமேஜை எஸ்டி கார்டில் எழுதி, லேப்டாப்பின் யூஎஸ்பியில் செருகினால் அந்தப் பையே எச்டிஎம்ஐ அடாப்டர் ஆகிவிடும். எல்இசட்4 முறையில் சுருக்கி அனுப்புகிறது. ஆனால் பை ஜீரோவின் பாதையும் 2.0-தான், ஆகவே டெர்மினலும் எழுத்து வேலையும் மட்டும். ஒரு கம்பெனியாவது இந்த முறையைப் பேசும் 3.0 சிப்பை விற்றால் இந்த இதழில் வந்த பாதிக் கேள்விகளுக்கு வேலையே இருக்காது. அப்படி ஒன்றை யாராவது கடையில் பார்த்தால் எனக்கு எழுதுங்கள், முதலில் வாங்குவது நானாகத்தான் இருக்கும்.

அடுத்த இதழுக்கு எழுதுகிறவர்கள் லேப்டாப் மாடல், உபுண்டு பதிப்பு, 'யூநேம்' சிறுகோடு 'ஆர்' தரும் கர்னல் எண், எல்எஸ்யூஎஸ்பியில் அந்தச் சாமானின் வரி, நான்கையும் எழுதி அனுப்புங்கள்.